நாய் படுக்காத விமானங்கள்

அந்த விமானத் தளத்தில் பறக்கிற விமானங்களைவிடப் பறக்காத விமானங்கள்தான் பளபளவென்று இருந்தன. பறக்கிறவற்றைப் பராமரித்தவர்கள் பொறியாளர்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு, வாயில் வசவு. பறக்காதவற்றைப் பராமரித்தவர் ஒரு முன்னாள் கேக் கடை அலங்காரக்காரர். பளபளப்பு என்றால் அவருக்கு உயிர். அந்த உயிரே அவருக்கு வினையாகவும் வந்து சேர்ந்தது.

தளத்தில் அவரைப் பொம்மைக்காரர் என்றார்கள். முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மை விமானம், அப்புறம் என்ன ரோஷம்?

தளத்தின் வேலை வேவு பார்ப்பது. அரசாங்கம் அதைக் கொஞ்சம் கஞ்சி போட்டுத் தேய்த்து 'வான்வழிக் கண்காணிப்பு' என்று சொல்லும். வயிற்றில் கேமரா வைத்த விமானங்கள் காலையில் கிளம்பும். எந்தக் கப்பல் எந்தப் பக்கம் மூக்கை நீட்டுகிறது, எந்த மலைச்சரிவில் யார் புதிதாகக் கொட்டகை போடுகிறார்கள் என்று மேலிருந்தே படம் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும். பக்கத்து வீட்டைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறவனுக்கு ஒரு கவலை தீராது: அவனும் நம்மை எட்டிப் பார்ப்பானே! அந்தக் கவலையில் பிறந்ததுதான் பொம்மைப் பிரிவு. எதிரியின் கேமரா தலைக்கு மேலே வரும்போது நிஜ விமானங்களுக்கு நடுவே சில பொய் விமானங்களும் நிற்க வேண்டும். எது எது என்று தெரியாமல் அவன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஆக, ஓடுதளத்தின் ஒரு கோடியில் உண்மையைக் கண்டுபிடிக்கச் சம்பளம், இன்னொரு கோடியில் உண்மையைக் கண்டுபிடிக்க விடாமல் செய்யச் சம்பளம். இரண்டு சம்பளத்துக்கும் ஒரே அதிகாரிதான் கையெழுத்துப் போட்டார். அவருக்கு இதில் எந்த மனச்சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

சங்கடமெல்லாம் பொம்மைக்காரருக்குத்தான். ஏனென்றால் உண்மையைக் கண்டுபிடிக்கிற கோடியில் முதல் ஆள், அவருடைய சொந்த மனைவி.

பொய் அவருக்குச் சின்ன வயதிலேயே கைவந்த கலை. பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் பயந்து, பழைய செய்தித்தாளையும் பசையையும் வைத்துக் காலுக்கு ஒரு மாவுக்கட்டுச் செய்து போட்டுக்கொண்டார். கட்டு அத்தனை அழகாக அமைந்துவிட்டதால் அவிழ்க்க மனம் வரவில்லை. பந்தயம் முடிந்தும் பல வாரங்கள் நொண்டிக்கொண்டே திரிந்தார். வளர்ந்த பிறகு ஒரு பெரிய கேக் கடையில் வேலை கிடைத்தது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற கேக்குகளைத் தெர்மாகோலில் செய்யும் வேலை. வெயிலுக்கு உருகாது, ஈ மொய்க்காது, வருஷக்கணக்கில் புதுசாகவே இருக்கும். ஒரே ஒரு குறை, சாப்பிட முடியாது.

ஒரு கல்யாண வரவேற்புக்குக் கடைப் பையன்கள் அவசரத்தில் நிஜக் கேக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு, அடுக்கடுக்கான தெர்மாகோல் கேக்கைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்து இவர் மூச்சிரைக்க மண்டபத்துக்கு ஓடியபோது மாப்பிள்ளை கத்தியை எடுத்துவிட்டான். மண்டபத்தின் மேல்மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்த மணப்பெண்ணின் தோழி ஒருத்தி, யாரையும் பார்க்காமல், பொதுவாகக் காற்றிடம் சொன்னாள்: "அது கேக் இல்ல."

கத்தி இறங்கியது. கிரீச்சென்று ஒரு சத்தம். பல்லெல்லாம் கூசியது. மாடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

வேலை அன்று சாயங்காலமே போய்விட்டது. ஆனால் இவர் மாடியேறிப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க? பக்கத்துல நின்னவங்களுக்கே தெரியலையே!"

"பக்கத்துல நின்னா எப்படித் தெரியும்? மேலேருந்து பாத்தாத் தெரியுது. கேக்னா எங்கயாவது கொஞ்சம் அமுங்கியிருக்கும். இது ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு."

தன்னுடைய வேலையை இவ்வளவு கவனமாகப் பார்த்த முதல் ஆள் என்று அவருக்குப் பட்டது. கட்டிக்கொண்டார். கல்யாணத்தில் கேக் வைக்கவில்லை.

அவள் தேர்வெழுதி விமானத் தளத்தில் படம் படிக்கிற பிரிவில் சேர்ந்தாள். விமானங்கள் கொண்டுவரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, இது லாரி, இது லாரி மாதிரி வைத்திருக்கும் வைக்கோல் போர் என்று பிரித்துச் சொல்லும் வேலை. உலகத்தையே பார்க்கிற அந்த அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அவர் நகரத்தில் கடை கடையாக ஏறி இறங்கிப் போலிப் பழம், போலிப் புத்தக வரிசை, உள்ளே ஒன்றுமில்லாத குளிர்சாதனப் பெட்டி என்று செய்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு விடுமுறை பார்த்துக்கொண்டார்கள். பார்க்கும்போதெல்லாம் முதல் நாள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, இரண்டாம் நாள் சண்டை போட்டு, மூன்றாம் நாள் சமாதானமாகும்போது ரயிலுக்கு நேரமாகிவிடும். இப்படியே பல வருஷம் ஓடியது. பிறகுதான் தளத்தில் பொம்மைப் பிரிவு ஆரம்பித்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு அவர் ஒரு தெர்மாகோல் கேக்கைக் கொண்டுபோனார். தேர்வுக்குழுத் தலைவர் அதன் ஓரத்தை விரலால் வழித்து வாயில் வைத்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது.

தளத்துக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. பால்கனியில் நின்றால் விமானங்கள் நிற்கும் தரை முழுக்கத் தெரியும். பொம்மைக்காரரின் மாமியாரும் கூட வந்து சேர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சண்டையின் நான்காம் நாளையும் ஐந்தாம் நாளையும் பார்க்கிற வசதி புருஷன் பெண்டாட்டிக்குக் கிடைத்தது.

ஒரே ஒரு நிபந்தனை. வேலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று இருவரும் தனித்தனியாக உறுதிமொழி கொடுத்திருந்தார்கள். அதனால் சாப்பாட்டு மேசையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"இன்னைக்கு எப்படிப் போச்சு?"

"போச்சு."

"ம்."

"உங்களுக்கு?"

"எனக்கும் போச்சு."

மாமியார் எந்த உறுதிமொழியும் கொடுக்கவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. அவர் துணி காயப்போட்டுக்கொண்டே தளத்தின் மொத்த நடவடிக்கையையும் பால்கனியிலிருந்து கவனித்து, உள்ளே வந்து சத்தமாக அறிவிப்பார். "மாப்ளே, உங்க நடு விமானத்துல காத்து எறங்கிப் போச்சு. ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது பாருங்க." மகள் உடனே காதைப் பொத்திக்கொள்வாள். சோதனை நெருங்கும் வாரங்களில் அவள் பால்கனிப் பக்கமே போவதில்லை. திரையை இழுத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

சோதனை என்பது இதுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை தளத்தின் சொந்த விமானமே தளத்தின் மேலே பறந்து படம் பிடிக்கும். பொம்மைகளை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி நிறுத்தியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, நிற்பவற்றில் எது பொம்மை என்று படம் படிக்கிற பிரிவு சொல்ல வேண்டும். எதிரியை ஏமாற்றுவதற்கு முன்னால் நம்மவர்களை ஏமாற்ற முடிகிறதா என்று பார்க்கிற ஏற்பாடு. முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாப் பொம்மைகளும் பிடிபட்டன. பெண்டாட்டியே புருஷனுக்கு மார்க் போடுவது முறையா என்று யாரோ கேட்டதற்கு, "இதைவிடக் கறாரான ஆளை நான் எங்க போய்த் தேடுறது?" என்றாராம் அப்போதைய கமாண்டர்.

பிடிபட்டதற்கான காரணங்கள் பெயர் போடாமல் பொம்மைப் பிரிவுக்கு வரும். பெயர் எதற்கு? சமையலறையைப் பற்றி வீட்டில் கேட்கிற அதே குரல். 'நடு விமானத்தின் மூக்கு கர்வமாகத் தூக்கியிருக்கிறது. நிஜ விமானத்துக்கு இவ்வளவு தன்னம்பிக்கை கிடையாது.' இன்னொரு முறை: 'கடைசி விமானத்தின் நிழலில் நாய் படுத்திருக்கிறது. ஆள் வேலை பார்க்கிற இடத்தில் நாய் படுக்காது.' அடுத்த சோதனைக்குப் பொம்மைக்காரர் அந்த நாயைக் கயிற்றில் கட்டிக் காவல் நாய் மாதிரி நிறுத்தினார். பதில் வந்தது: 'காவல் நாய் தூங்குகிறது.'

அந்தப் பழுப்பு நாய்க்கு மெக்கானிக்குகள் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாள் முழுக்கத் தூங்கும், யாராலும் எழுப்ப முடியாது. பொம்மை விமானங்களின் நிழல் அதற்குச் சொந்த வீடு மாதிரி. வேறு எங்கே போனாலும் யாராவது மிதிக்கிறார்களே!

ஒரு சோதனை முடிந்த மறுநாள் மனைவி கடையிலிருந்து ஒரு தொப்பி வாங்கி வந்து, எதுவும் சொல்லாமல் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவருக்குப் புரியவே இரண்டு வாய் சோறு ஆயிற்று. விமானம் மேலே வரும் நேரத்தில் அவர் பொம்மைக்குப் பக்கத்தில் ஆர்வமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய வழுக்கை படத்தில் மின்னியிருக்கிறது. புருஷனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுக்கக்கூடாது என்று எந்த உறுதிமொழியிலும் இல்லை.

இந்த நிலையில் புதுக் கமாண்டர் வந்தார். எதையாவது இழுத்து மூடாமல் அவர் எந்தப் பதவியையும் விட்டுப் போனதில்லை. போன இடத்தில் நூலகத்தை மூடினார், அதற்கு முந்தின இடத்தில் நீச்சல் குளத்தை. இங்கே வந்த வாரமே பொம்மைப் பிரிவைக் கண்டுகொண்டார்.

"நம்ம பொம்மையை நம்ம ஆளே கண்டுபுடிச்சிடுறாங்க. அப்ப எதுக்குய்யா இது?" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "அடுத்த சோதனைக்குத் தலைமையகத்துலேருந்து ஆய்வாளர் வர்றாங்க. அன்னைக்கும் புடிபட்டா பிரிவை மூடிடுவேன். எல்லாரும் கூடாரக் கிடங்குக்குப் போகலாம்."

கூடாரக் கிடங்கு நாட்டின் மறுகோடியில் இருந்தது. அங்கே குடும்பத்தோடு தங்க இடம் கிடையாது. அதாவது மறுபடியும் ரயில், மறுபடியும் முதல் நாள் விருந்தாளி.

இது இரகசியம் இல்லை; தளம் முழுக்கத் தெரிந்த செய்தி. அன்றைய சாப்பாட்டு மேசையில் யாரும் 'எப்படிப் போச்சு' என்று கேட்கவில்லை. மாமியார்தான் போட்டு உடைத்தார்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு எல்லாம் நிஜம்னு சொல்லிடு. வேலை முடிஞ்சுது."

"அம்மா, சும்மா இரு."

"என்ன சும்மா இரு? இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே உக்காந்து சாப்பிடுறீங்க. வயித்தெரிச்சலா இருக்குடி எனக்கு."

"தெரிஞ்சே பொய் எழுத என்னால முடியாதும்மா. நாளைக்கு நிஜமான எதிரி படத்தைப் பாக்கிறப்ப என் கண்ணை நானே நம்ப மாட்டேன்."

மாமியார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க மாப்ளே."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "வேண்டாம் அத்தை. அவ பொய் சொல்லி நான் ஜெயிச்சா அப்புறம் என் பொய்க்கு என்ன மரியாதை?"

"நல்லா சேர்ந்தீங்கடா ரெண்டு பேரும்," என்று மாமியார் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "ஒண்ணு உண்மைக்காரி, இன்னொண்ணு பொய்க்காரர். ரெண்டுக்கும் கொழுப்பு மட்டும் ஒரே அளவு."

வழி பிறந்தது சோபாவிலிருந்து. மாமியார் ஆசைப்பட்டு வாங்கிய சோபா அது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே அவர் விடவில்லை, அழுக்காகிவிடுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்த மகள் வழுக்கிக்கொண்டு எழுந்தாள். கோபம் வந்துவிட்டது.

"இது வீட்டு சோபா மாதிரியாம்மா இருக்கு? கடை வாசல்ல வச்ச மாதிரி இருக்கு. யாராவது உக்காந்து எழுந்த தடம் வேணாமா? ஒரு டீக்கறை வேணாமா? மனுஷங்க பொழங்குற இடம்னா அழுக்கு இருக்கும். இவ்வளவு சுத்தமா இருந்தா யாரு நம்புவா?"

அவள் சொன்னது சோபாவைத்தான். அதில் சத்தியமாக வேறு உள்நோக்கம் இல்லை. ஆனால் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த பொம்மைக்காரர் அப்படியே உறைந்துபோனார். கேக்கும் அமுங்காமல்தானே மாட்டியது? இத்தனை வருஷமும் அவர் விமானத்தைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார். விமானத்தைச் சுற்றி மனுஷர்களைச் செய்ய மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் தன் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டார். மொத்தமே ஒரு வெல்டரும், ரப்பர் துணி தைக்கிற ஒரு தையல்காரரும்தான்.

"இன்னையிலேருந்து பெயின்ட் அடிக்கிறது நிறுத்தம். நாம இதுங்களுக்குச் சர்வீஸ் பண்ணப் போறோம்."

வெல்டர் தலையைச் சொறிந்தார். "எதுக்குண்ணே சர்வீஸு? உள்ள வெறும் காத்துதானே இருக்கு?"

"காத்துக்கும் சர்வீஸ் வேணும். அந்த எண்ணெய் டப்பாவை எடு. இன்ஜினுக்குக் கீழே ஊத்து."

"இல்லாத இன்ஜினுக்குக் கீழேயா?"

"இல்லாத இன்ஜின்தான்டா நிறைய ஒழுகும். ஊத்து."

ஊற்றினார்கள். பழைய டயரை உருட்டித் தரையில் தடம் போட்டார்கள். தினமும் காலையில் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்மைகளுக்குப் போனார்கள், ஏணி வைத்து ஏறினார்கள், ஒன்றுமில்லாத இடத்தில் ஸ்பேனரை வைத்துத் திருகினார்கள். வெல்டருக்கு நடிப்பு பிடித்துப்போய்விட்டது, ரப்பர் இறக்கைக்குக் கீழே நின்று தையல்காரரை, "இப்படியா நட்டு முடுக்குவ, வெளங்காதவனே!" என்று தினமும் திட்டினார். தையல்காரர் ஒருநாள் நிஜமாகவே அழுதுவிட்டார். தரையில் நடந்து நடந்து அவர்களுடைய பட்டறைக் கொட்டகையிலிருந்து பொம்மைகள்வரை ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது.

இதையெல்லாம் நிஜ விமானங்களின் தலைமை மெக்கானிக் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் பொம்மை, காத்தடைச்ச பையிக்கு டெய்லி சர்வீஸா? என் கிழவிக்கு ஒரு ஸ்பேர் கேட்டு வருஷமாகப் போகுது. ஒரு பய திரும்பிப் பாக்கல."

கிழவி என்பது தளத்தின் மிகப் பழைய கண்காணிப்பு விமானம். ஒரு காலத்தில் தளத்துக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. இப்போது உதிரிபாகம் வராமல் வரிசையின் ஓரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் போக யாருக்கும் காரணம் இல்லை. தரை விரிசல்களில் புல் முளைத்து அதன் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"வாங்க, டீ சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் பொம்மைக்காரர்.

அதுதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம், தெரியாமல் செய்தது. பொம்மை இறக்கையின் நிழலில் டீ கிடைக்கிறது என்று தெரிந்ததும் நிஜ மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் தளத்திலேயே ஆள் நடமாட்டம் அதிகமான இடம் பொம்மைப் பிரிவு என்றாகிவிட்டது. மேனேஜருக்குத்தான் கஷ்டகாலம். ஓயாத பேச்சு, காலை மிதிக்கும் பூட்ஸ், தலையில் சிந்தும் டீ. நாய் ஒருநாள் எழுந்து, உடம்பை நெளித்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்க் கிழவியின் வயிற்றுக்குக் கீழே படுத்துக்கொண்டது. அங்கே யாரும் வருவதில்லை. அமைதியோ அமைதி.

இதில் என்ன நடக்கப் போகிறது என்று பொம்மைக்காரருக்கு உறைக்கவில்லை. அவர் கண்ணில் அவருடைய பொம்மைகள் மட்டும்தான் இருந்தன.

சோதனை நாளன்று காலையில் விமானம் தலைக்கு மேலே போனது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் நிமிராமல் நின்றார். மதியத்துக்கு மேல் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். தலைமையகத்து ஆய்வாளர் ஒல்லியான அம்மாள். கண்ணாடிக்கு மேலே பார்க்கிற வழக்கம். கமாண்டர் அவருக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். காலையில்தான் ஆய்வாளரிடம், இங்கே இருக்கிற நிஜ விமானம் எல்லாமே நாளைக்கே பறக்கத் தயார் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

மனைவி எழுந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள். பெரிய படம். மேலிருந்து பார்த்தால் எல்லா விமானமும் சட்டை காயப்போட்ட மாதிரிதான் இருந்தன. பொம்மைக்காரர் மேசைக்கடியில் தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, எது பொம்மை?" என்றார் ஆய்வாளர்.

அவள் குச்சியை எடுத்தாள். அவருடைய முதல் பொம்மை மேல் அது போனது, தயங்கியது, தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதையும் தாண்டியது.  குச்சி வரிசையின் ஓரத்துக்குப் போய் நின்றது.

"இது ஒண்ணுதான் பொம்மை. மத்ததெல்லாம் நிஜம்."

கிழவி.

 தலைமை மெக்கானிக் மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மல் மாதிரி எதையோ அடக்கினார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"இதுக்குப் பக்கத்துல மனுஷங்க போன தடமே இல்ல மேடம். கீழே புல்லு வளர்ந்திருக்கு. எண்ணெய்க் கறை இல்ல. நடுவுல நாய் படுத்திருக்கு. மத்த விமானங்களைப் பாருங்க, ஏணி, டயர்த் தடம், டீக்குடிக்கிற கூட்டம். இதை நிஜம்னு சொன்னா எந்த எதிரியும் நம்ப மாட்டான். நிஜமா இருந்தா ஒருத்தராவது கிட்டப் போயிருக்க மாட்டாங்களா?"

ஆய்வாளர் கண்ணாடிக்கு மேலே கமாண்டரைப் பார்த்தார். "சரியா சொல்றாங்களா?"

கமாண்டருக்கு இரண்டு வழி இருந்தது. அது நிஜம் என்றால், நாளைக்கே பறக்கத் தயாராக இருக்கிற நிஜ விமானத்தின் கீழே ஏன் புல் முளைத்தது, ஏன் நாய் குடித்தனம் நடத்துகிறது என்று சொல்லியாக வேண்டும். பொம்மை என்றால் எந்தக் கேள்வியும் இல்லை. கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரிதான் மேடம். அது எங்களோட புது மாதிரிப் பொம்மை."

"மத்த பொம்மைங்க?"

"மூணு இருக்கு. மூணும் புடிபடல."

"பரவாயில்லையே!" என்றார் ஆய்வாளர். "ஒண்ணு மாட்டியும் மூணு தப்பிச்சிருக்கே. இவ்வளவு நல்ல பிரிவையா மூடணும்னு எழுதினீங்க?"

அன்று சாயங்காலமே கிழவி பொம்மைப் பிரிவின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. கூடாரக் கிடங்குப் பேச்சு அதோடு போயிற்று. வெல்டர் பொம்மைக்காரரைத் தோளில் தூக்கப் பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது பொம்மைக்காரருக்குச் சந்தோஷம் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் நிஜமாகவே ஏமாந்தாளா? இல்லை, ரயிலை நினைத்துக்கொண்டு, பழைய விடுமுறைகளை நினைத்துக்கொண்டு, அவருக்காக ஏமாந்த மாதிரி நடித்தாளா? நடித்திருந்தால் இந்த வெற்றியும் தெர்மாகோல்தான். கேட்கவும் முடியாது, உறுதிமொழி.

கதவைத் திறந்தபோது அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் உறை கிழிக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. முகம் உர்ரென்று இருந்தது.

"மூணு," என்றாள், அவரைப் பார்க்காமல். "மூணை விட்டுட்டேன். மூணு!"

"ம்," என்றார் அவர்.

"என்ன 'ம்'? சந்தோஷமா இருக்கா? இருக்கட்டும். ஒண்ணையாவது புடிச்சேன்ல, அது போதும் எனக்கு. அந்த ஓரத்து பொம்மை இருக்கே, அது உங்க வாழ்க்கையிலேயே மட்டமான வேலை, சொல்லிட்டேன்."

அந்தத் திட்டு காதில் விழுந்ததும் பொம்மைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிக் கோபப்படுகிறவள் நடித்திருக்கவே முடியாது. அவர் உண்மையிலேயே ஜெயித்துவிட்டார். வாழ்க்கையில் யாரும் யாரையும் திட்டி இவ்வளவு ஆனந்தம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மாமியார் சமையலறையிலிருந்து முட்டைப் பொரியலோடு வந்தார். மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடவே வைத்தார். "எனக்கு அப்பவே தெரியும். எம் பொண்ணு வெளியில விறைப்பா இருப்பா, உள்ள பஞ்சு. புருஷனுக்காகக் கண்ணை மூடிட்டா பாத்தீங்களா மாப்ளே?"

"நான் ஒண்ணும் மூடல!" என்று மகள் கத்தினாள். "நல்லா பாத்துதான் சொன்னேன்!"

"நல்லா பாத்தவளா அந்த ஓரத்துக் கிழவியைப் பொம்மைன்னு சொல்லுவா? போன வருஷம் அது பறந்து வந்து எறங்குனதை நானே பால்கனியிலேருந்து பாத்தேனேடி. காயப்போட்ட துணியெல்லாம் புகையாக்கிட்டுப் போச்சு."

 அவள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். அவர் முட்டைப் பொரியலை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க."

"நான் எதுவும் சொல்லக்கூடாது."

"என்னங்க, இங்க பாருங்க."

பார்த்தார். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவர் எழப் பார்த்த நேரத்தில் அவள் சிரித்துவிட்டாள். கல்யாண மண்டபத்தில் கத்தி கிரீச்சிட்டபோது மாடியில் கேட்ட அதே சிரிப்பு.

"தொப்பியை எடுங்க," என்றாள். "இருட்டுறதுக்குள்ள போய் ஒரு தடவை தரையில நின்னு பாத்துட்டு வரலாம்."

படம் படிக்கிறவர்கள் விமானங்களைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதே இல்லை, அவளும் பார்த்ததில்லை. சாயங்கால வெயிலில் முதல் பொம்மைக்குப் பக்கத்தில் போய் விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போய் வெளியே வந்தது. "இதையா நிஜம்னு சொன்னேன்?" கீழே குனிந்து எண்ணெய்க் கறையை முகர்ந்து பார்த்தாள். இன்னும் ஈரமாகக் கிடந்த டீத்தூளைப் பார்த்தாள். "அழுக்கு," என்றாள். "எங்கேருந்து இந்த யோசனை வந்துச்சு?"

"சோபாவுலேருந்து."

அவள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள், கொஞ்சம் பலமாகவே.

பிறகு கிழவிக்குப் போனார்கள். அவள் வயிற்றுத் தகட்டைத் தட்டிப் பார்த்தாள். டங்கென்று நிஜமான சத்தம் வந்தது. கேமரா இருந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் படித்த படங்களெல்லாம் இதன் வயிற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து இருவரையும் அளந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"இது இப்ப உங்க பிரிவா?"

"இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து. பொம்மைக் கணக்குல."

அவள் புல்லைக் காலால் ஒதுக்கினாள். பொட்டுக் கறைகூட இல்லாத தரையைப் பார்த்தாள். தொழில்காரியின் முகம் திரும்பி வந்துவிட்டது.

"அப்ப இதுக்கு ஏதாவது பண்ணுங்க. நாளைக்கே ரெண்டு பேரை நடக்க விடுங்க, கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்க. டீயை இங்க மாத்துங்க. இப்படியே விட்டீங்கன்னா அடுத்த தடவையும் நான் பொம்மைன்னுதான் சொல்லுவேன்."